சொல்லருவி வீட்டுக் கம்பிகள்

ஆரணிப் பக்கம் ஒரு மாரியம்மன் திருவிழாப் பட்டிமன்றத்தில், குடும்பத்தில் அதிகம் பொறுத்துப்போவது கணவனே என்ற அணியில் பேசிக்கொண்டிருந்த சொல்லருவி தணிகாசலம், "என் வீட்டுக்காரி சுட்ட தோசையை ஒருநாள் தெருவுல போட்டேங்க, நாய் கவ்விக்கிட்டுப் போயி அது வீட்டுக்குக் கதவா மாட்டிக்கிச்சு" என்று சொல்லி, பந்தல் முழுக்கக் குலுங்கிச் சிரித்த அந்த நேரத்தில், பாலாற்றங்கரை மாதனாங்குப்பத்தில், சந்தைத் தெரு வீட்டின் அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அவர் மனைவி இந்திராணியின் இடது தோளில் ஒரு இரும்புக் கம்பி முளைத்தது.

சைக்கிள் கம்பியின் கனம், ஒரு சாண் நீளம், முன்பக்கம் புகுந்து பின்பக்கம் கூர்மை வெளியே தெரிய நின்றது. எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்றதே தவிர ரத்தம் ஒரு சொட்டும் இல்லை. இந்திராணி அதைத் திரும்பிப் பார்த்தாள், பாதியில் விட்டால் கீரை வாடிவிடும் என்பதால் மிச்சத்தையும் உருவி முடித்தாள், கையைக் கழுவிக்கொண்டு கம்பியைப் பிடித்து இழுத்தாள். தயிரில் விழுந்த முடியை எடுப்பதுபோல அது வந்துவிட்டது. ஜாக்கெட்டில் விழுந்த இரண்டு ஓட்டைகளையும் தைத்துப் போட்டாள். கம்பியைக் கழுவிக் கரண்டிகளோடு செருகி வைத்து, மறுநாள் காலையில் இட்லி வெந்துவிட்டதா என்று அதைக்கொண்டே குத்திப் பார்த்தாள். மாவு ஒட்டாமல் சுத்தமாக வந்தது.

அந்த ஒன்றோடு நின்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் தணிகாசலம் கூப்பிடாத ஊர் இல்லை என்று பேர் வாங்கிய மனிதர், பகலில் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சாயங்காலமானால் காரில் ஏறிவிடுவார், சோளிங்கரில் கும்பாபிஷேகமென்றாலும் ஓசூரில் அபார்ட்மெண்ட் பொங்கல் விழாவென்றாலும் அவர் போய் நின்றால்தான் கூட்டம் நிற்கும், நின்ற கூட்டத்துக்கு அவர் எடுத்துக் கொடுப்பதெல்லாம் என் வீட்டுக்காரி, என் வீட்டுக்காரி, என் வீட்டுக்காரி. அவள் தார் ரோட்டில் படுத்தால் ரோட்டுக்காரன் அவள்மேலேயே வெள்ளைக் கோடு போட்டுவிட்டுப் போவான், அவள் ஏறினால் எடை மிஷின் 'ஒவ்வொருத்தராக வரவும்' என்று சீட்டு அடித்துக் கொடுக்கும், அவள் சமைத்ததைப் பார்த்துக் காக்கா தன் சொந்தக்காரர்களை வரவேண்டாமென்று கத்தும். இத்தனையும் சொல்கிற மனிதர் வீட்டுக்கு வந்தால் குரல் உயர்த்தியது கிடையாது. வெள்ளிக்கிழமை தவறாமல் மல்லிகைப் பூ வாங்கி வருவார், தன் துண்டைத் தானே மடித்து வைப்பார், சோறு போட்டால் தலை குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவார். பேச்செல்லாம் மேடைக்கென்று எடுத்து வைத்துவிட்டவர் வீட்டில் எதைப் பேசுவார்?

மேடைப் பேச்சுக்கும் கம்பிக்கும் தொடர்பு இருக்கிறது என்று கண்டுபிடித்தது ஜைத்தூன் பீ. அவளும் அவள் புருஷன் பஷீரும் சந்தைத் தெரு முனையில் சாயங்காலங்களில் சீக் கபாப் வண்டி போடுகிறவர்கள். இந்திராணிக்கு அவளைவிட்டால் பேச ஆள் கிடையாது. ஒருநாள் வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு இந்திராணி உட்கார்ந்திருக்க, ஜைத்தூன் பீ செல்போனில் தணிகாசலம் அப்போது வேலூரில் பேசிக்கொண்டிருந்ததை நேரலையில் பார்த்தபடி கறி பிசைந்துகொண்டிருந்தாள். போனுக்குள் கூட்டம் சிரித்தது. ஸ்டூலில் இருந்தவளின் முன்கையிலிருந்து ஒரு கம்பி எட்டிப் பார்த்தது.

ஜைத்தூன் பீ போனையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா, அவரு சொல்றப்ப வரல. அவுங்க சிரிக்கிறப்பதான் வருது."

"தெரியும்," என்றாள் இந்திராணி.

"வலிக்குதா?"

"வரும்போது வலிக்கல. எடுத்த அப்புறம், அந்த எடம் ராத்திரில குளுருது."

அவள் இழுத்துப் போட்ட கம்பியைப் பஷீர் எடுத்துப் பார்த்தார். கறி கோத்துச் சுடும் அவருடைய பழைய சீக்குகள் துருவேறி வளைந்து கிடந்தன. கழுவித் துடைத்து, கறியை அழுத்திப் பிடித்துத் தணலில் வைத்தார். ஒட்டவில்லை, தீயவில்லை, திருப்பும்போது கறி கம்பியை விட்டு நழுவவில்லை. பிறகு இந்திராணி தன்னிடம் சேர்வதையெல்லாம் காகிதத்தில் சுற்றி வண்டிக்கே கொடுத்துவிட்டாள், சும்மா கிடக்கிறதுதானே என்று. ஆம்பூரிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் பைக் போட்டுக்கொண்டு கபாப் தின்ன வந்தார்கள்.

ஒரு ஊர் ஒரு அதிசயத்தோடு பழகுவதற்கு அப்படியொன்றும் நாளாவதில்லை. பஞ்சர் கடைக்காரர் டியூப் கிழியாமல் ஆணி நோண்ட இரண்டு வாங்கிக்கொண்டு போனார். பேக்கரியில் கேக் வெந்ததா பார்க்க வைத்துக்கொண்டார்கள். கல்யாண மண்டபத்தில் தோரணம் கட்ட, தையல்காரி நாடா கோக்க, மாடி வீட்டுக்காரர் தொட்டியின் அடைப்பு எடுக்க என்று ஒவ்வொரு வீட்டிலும் இந்திராணியின் கம்பி ஒன்று இருந்தது. கெங்கையம்மன் கோயில் தர்மகர்த்தா முனிரத்தினம் வந்து பார்த்துவிட்டு, இது அலகு, அம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்கள் கன்னத்தில் குத்திக்கொள்ள அம்மனே அனுப்பிய அலகு என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். பஷீருக்கு அது சீக்கு. பஞ்சர் கடைக்கு அது கம்பி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர் எஸ்தர், உடம்புக்குள் நுழைந்த அந்நியப் பொருள் என்று சீட்டில் எழுதியவர், கொஞ்சம் யோசித்து 'நுழைந்த' என்பதை அடித்துவிட்டார். இந்திராணி மட்டும் அதைக் குத்து என்றே சொன்னாள். இன்னிக்கு ரெண்டு குத்து வந்துது, இது நேத்து குத்து, இது கொஞ்சம் ஆழமான குத்து.

ஆழமாகத்தான் போய்க்கொண்டிருந்தன. தோளில் ஆரம்பித்தது விலாவுக்கு வந்தது. சாண் நீளம் முழ நீளமானது. சிரிப்பு பெரிதானால் கம்பியும் பெரிதாக வந்தது. டாக்டர் எஸ்தர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, "இது இதயத்தை உரசிட்டுப் போயிருக்கு. அடுத்தது இவ்வளவு தள்ளி வரும்னு என்னால சொல்ல முடியாது. யாரையாவது எதையாவது நிறுத்தச் சொல்லுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் இந்திராணி புருஷனுக்குக் காபி கொண்டுபோய் வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"ஏங்க, என்னைப் பத்திப் பேசறதை விட்டுடுங்களேன்."

தணிகாசலம் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "உன்னைப் பத்தி எங்க பேசறேன்? அது ஒரு கேரக்டர். 'வீட்டுக்காரி'ன்னு ஒரு கேரக்டர். எல்லாப் பேச்சாளருக்கும் ஒண்ணு இருக்கும். கேக்கறவங்களுக்கும் தெரியும், அது நீ இல்லன்னு."

"அப்ப ஏன் அந்தக் கேரக்டருக்குக் குத்தாம எனக்குக் குத்துது?"

 கம்பிகளை அவர் பார்க்காதவர் அல்ல, சேர்ந்துபோன குப்பையைப் பார்க்கிற மாதிரி பார்த்து ஒதுங்கிப் போகிறவர். காபியைக் குடித்து முடித்து, டம்ளரைத் தானே கழுவி வைத்தார். "கெங்கையம்மன் திருவிழா மட்டும் முடியட்டும். டிவிக்காரங்க வராங்க. ஒத்துக்கிட்டேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

வைகாசித் திருவிழாவுக்கு ஊர் ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் அலகு குத்த வேண்டிக்கொண்டவர்கள் கணக்கில்லாமல் சேர்ந்துவிட்டார்கள், எல்லோருக்கும் இந்திராணியின் அலகுதான் வேண்டும், இருப்பதெல்லாம் தீர்ந்துபோனது. எனவே தேர் ஓடுவதற்கு முந்தின நாள் பள்ளிக்கூட மைதானத்தில் பட்டிமன்றம் வைப்பது, தணிகாசலமே வந்து பேசுவது, முன்வரிசையில் இந்திராணிக்கு ஒரு நாற்காலி போடுவது, நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் தாம்பாளம் வைப்பது என்று முடிவானது. சொல்வதற்கு முனிரத்தினமே வந்தார்.

"என்னால முடியாதுங்க," என்றாள் இந்திராணி. "டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"அம்மா, ஊரே உங்களை நம்பியிருக்குது. கொஞ்சம் பொறுத்துக்குங்க. பொறுத்துக்கிறவங்ககிட்டதான் ஆத்தா வருவா." அவர் நிஜமாகவே கை கூப்பினார், நிஜமாகவே அவர் கண் கலங்கியிருந்தது. அதுதான் இந்திராணிக்குப் பயமாக இருந்தது.

அவர் போன பிறகு ஜைத்தூன் பீ வந்தாள், கையில் காகிதச் சுருளோடு. முந்தின நாள் வண்டியருகில் இந்திராணி மார்புக்குக் கீழேயிருந்து ஒன்றை இழுத்தபோது நுனியில் முதல் முறையாகச் சிவப்பு தெரிந்ததை அவள் பார்த்திருந்தாள்.

"எனக்கு வேணாம்க்கா. எல்லாத்தையும் எடுத்தாந்துட்டேன். பஷீர் கத்துறாரு, கத்தட்டும். இனிமே இதுல கறி வச்சா என்னால திங்க முடியாது." சுருளைத் தரையில் வைத்தாள். "நீ எங்க வூட்டுக்கு வந்துடு. திருவிழா முடிஞ்சதும் திரும்பிப் போ."

"எங்க இருந்தாலும் வரும், ஜைத்தூன். அவங்க சிரிச்சா வரும்."

இதற்கிடையே தணிகாசலத்துக்கு வேறொரு கவலை. சொந்த ஊர்க் கூட்டம், தோசையும் எடை மிஷினும் காக்காவும் எல்லோருக்கும் மனப்பாடம். பழசைச் சொன்னால் முகத்துக்கு நேரே கொட்டாவி விடுவார்கள். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று புதிதாக ஏதேதோ சொல்லிப் பார்த்தார். அவருக்கு மோர் கொண்டு வந்த இந்திராணி கதவுக்கு வெளியே நின்றுவிட்டாள்.

"எங்களுக்கும் ஒரு பொண்ணு பொறந்துச்சுங்க," என்றது உள்ளே மேடைக் குரல். "பொறந்ததும் அவங்கம்மா மூஞ்சியைப் பாத்துச்சு பாருங்க..."

குரல் நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி. "எங்களுக்கும் ஒரு பொண்ணு பொறந்துச்சுங்க. பொறந்ததும்..."



அந்தப் பெண் பிறந்தபோது அவர் திருச்சியில் மேடையில் இருந்தார். ஆஸ்பத்திரியில் இந்திராணி தனியாகத்தான் இருந்தாள். குழந்தை அழவில்லை. நர்ஸ் ஒரு பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் அவள் மடியில் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போனாள். அவர் மறுநாள் வந்தார், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார், ஆப்பிள் நறுக்கிக் கொடுத்தார். அதைப்பற்றி அவர் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. பிறகு இருவருக்கும் வயதாகிவிட்டது.

இப்போது உள்ளே அவர் மூன்றாவது தடவை ஆரம்பித்தார். அவள் டம்ளரைக் கதவருகே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

திருவிழா அன்று மைதானம் கொள்ளவில்லை. மதில்மேல், பள்ளிக்கூட மாடிமேல், தண்ணீர் லாரிமேல் ஜனம். மேடைக்கு இரண்டு பக்கமும் பெரிய திரைகள், பேசுகிறவர் முகம் ஆளுயரத்துக்குத் தெரிய. இந்திராணி அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு வந்து தனக்குப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒருபக்கம் தாம்பாளம், மஞ்சளும் குங்குமமும் வைத்து. இன்னொரு பக்கம் ஜைத்தூன் பீ, யாரும் நாற்காலி போடாததால் தரையில். டாக்டர் எஸ்தர் பையோடு பின்னால் நின்றார்.

தணிகாசலம் மைக்குக்கு வந்ததும் விசில் பறந்தது. அவர் மனைவியின் பக்கம் பார்க்காமல் தொடங்கினார். தோசை வந்தது, கூட்டம் சிரித்தது, இந்திராணியின் தோளில் ஒன்று. எடை மிஷின் வந்தது, இடுப்பில் ஒன்று. ஜைத்தூன் பீ ஒவ்வொன்றையும் உருவித் தாம்பாளத்தில் போட, அது 'டங்'கென்று விழும் சத்தத்துக்குக் கைதட்டினார்கள். ஆனால் காக்கா வந்தபோது சிரிப்பு பாதியாக இறங்கியது. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் சிலர் பேச ஆரம்பித்தார்கள். தணிகாசலத்தின் நெற்றி வியர்த்துப் பெரிய திரையில் மின்னியது. அவர் தண்ணீர் குடித்தார், மைக்கைச் சரி செய்தார்.

"எங்களுக்கும் ஒரு பொண்ணு பொறந்துச்சுங்க," என்றார்.

ஊர் நிமிர்ந்தது. இது புதிது.

இந்திராணி எழுந்தாள். யாரும் தடுக்குமுன் மரப்படிகளில் ஏறி, மேடைக்குக் குறுக்கே நடந்து, மைக்குக்கும் அவருக்கும் நடுவில் போய், தன் முதுகு அவர் மார்பில் படும்படி சாய்ந்து நின்றாள். கல்யாணப் போட்டோவில்கூட அவர்கள் அப்படி நின்றதில்லை. அவருடைய நெஞ்சு அடித்துக்கொள்வது அவள் முதுகில் தெரிந்தது.

"சொல்லுங்க," என்றாள் மெதுவாக. மைக் அதையும் ஊருக்குச் சொன்னது. "பொறந்ததும் என்ன பண்ணுச்சு? சொல்லுங்க, நான் இங்கயே நிக்கறேன்."

தணிகாசலத்தின் வாய் திறந்தது. முப்பது ஊர்க் கூட்டத்தை ஒரே மூச்சில் புரட்டிப் போடுகிற வாய் திறந்தபடியே நின்றது. மைதானம் காத்திருந்தது. அப்போது தண்ணீர் லாரி மேலிருந்து எவனோ ஒருவன் கத்தினான்:

"அண்ணன் அண்ணிக்குப் பயந்துட்டாருடோய்!"

மைதானம் மொத்தமும் சிரித்தது. அதுவரை அந்த ஊர் அப்படிச் சிரித்ததில்லை.

கம்பி இந்திராணியின் வலது மார்புக்கு மேலே கிளம்பி, முதுகு வழியாக வெளியேறி, நிற்காமல் தணிகாசலத்தின் நெஞ்சில் இறங்கி மறுபுறம் வந்தது. ஒரே சீக்கில் கோத்த இரண்டு துண்டுகள் மாதிரி இருவரும் நின்றார்கள். அவர் அலறினார். மேடையில் அவர் அலறுவதை வேடிக்கைக்கென்றே கேட்டுப் பழகியவர்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள், இன்னொரு கம்பி இருவரையும் இடுப்பில் கோத்தது.

"சிரிக்காதீங்க!" என்று கத்தினார் தணிகாசலம். "ஐயோ, சிரிக்காதீங்க!"

அதற்கும் சிரித்தார்கள். நடுவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார், முனிரத்தினம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மூன்றாவது வந்தது. இந்திராணி அசையவில்லை. எத்தனை வந்தாலும் எப்படி நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவர் விழாமலிருக்கக் கையைப் பின்னால் கொண்டுபோய் அவருடைய வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பிறகுதான் இரண்டு பெரிய திரைகளிலும் அவருடைய வெள்ளைச் சட்டை சிவப்பாக ஆரம்பித்தது. அவளுக்கு நுனியில் மட்டும் தெரிந்த ரத்தம் அவருக்கு வழிந்தது. முன்வரிசைச் சிரிப்பு அறுந்தது. அது வரிசை வரிசையாகப் பின்னால் போய், மதில்வரை போய், கடைசியாக லாரிமேல் இருந்தவனிடம் போய் நின்றது.

அந்த அமைதியில் ஜைத்தூன் பீ மேடையேறினாள். இழுக்க வந்த ஆட்களை விலக்கினாள். "நேரா இழுக்காதீங்க, சதை கிழிஞ்சிடும்" என்று முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, தணலிலிருந்து எடுத்த சீக்கிலிருந்து கறி உருவுவதுபோல மெல்லத் திருகித் திருகி, ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்ததைத் தாம்பாளத்தில் போடவில்லை. டாக்டர் எஸ்தர் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே வர, இருவரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றினார்கள்.

மறுநாள் தேர் ஓடியது. அலகு குத்திக்கொண்டவர்கள் கடையில் வாங்கியதைக் குத்திக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் தையல் போட்டுப் படுத்திருந்த தணிகாசலம் இரண்டாம் நாள்தான் பேசினார்.

"இவ்வளவு நாளும் இப்படித்தான் இருந்துச்சா?"

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த இந்திராணி சுளையிலிருந்து நார் எடுத்தாள். "இல்ல. இது யாரோ ஒருத்தன் சொன்னது. நீங்க சொன்னது இதைவிட உள்ள போகும்."

அவர் விட்டத்தைப் பார்த்தார். கண்ணின் ஓரம் ஒழுகிக் காதுக்குள் போனது.

"அந்தக் குழந்தை," என்றார். "அதோட முகம் எப்படி இருந்துச்சு, இந்திராணி?"

"அதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன்," என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. "யாரும் சிரிக்காம என்கிட்ட மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்."

அவர் தலையை ஆட்டினார். சுளையை அவள் ஊட்ட, வாங்கிக்கொண்டார்.

டிவியில் அந்த நிகழ்ச்சி வரவில்லை. கபாப் வண்டிக்கு வேற்றூர் பைக்குகள் வருவது குறைந்து, பிறகு நின்று, பஷீர் வாணியம்பாடியிலிருந்து புதுச் சீக்குகள் வாங்கி வந்தார். நல்லா இருந்த மனுஷனைக் கெடுத்துட்டா என்று டீக்கடையில் கொஞ்சநாள் பேசினார்கள், பேசிப் பேசி அதுவும் சலித்தது. தணிகாசலத்தை ஓரிரு ஊர்கள் கூப்பிட்டுப் பார்த்தன. அவர் போய்ப் பழந்தமிழ்ப் பாட்டுகளைப் பற்றிப் பேசினார், பாதிக் கூட்டம் எழுந்து போனது, மீதியும் போவதற்குள் அவரே முடித்துக்கொண்டார். அப்புறம் கூப்பிடுவது நின்றது. சாயங்காலங்களில் வீட்டிலிருந்தார். அவள் கீரை ஆய்ந்தால் எதிரே உட்கார்ந்து அவரும் ஆய்ந்தார். நெஞ்சில் தையல் போட்ட இடம் ராத்திரியில் குளிர்கிறது என்று ஒருமுறை சொன்னார், அவள் ஒரு போர்வையை எடுத்துக் கொடுத்தாள். குழந்தையைப் பற்றி அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்க வாயெடுத்த நாட்கள் இருந்தன. அப்போதெல்லாம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

வருஷம் திரும்பி, மார்கழியில் ஒரு மத்தியானம், இருவரும் சேர்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். வெளியே வெயில் மங்கலாக இருந்தது. யாரும் எதுவும் கேட்காதபோது, காயிலிருந்து கண்ணை எடுக்காமல் இந்திராணி சொன்னாள்:

"கண்ணைத் திறக்கவே இல்ல. என் மூஞ்சியை அது பாக்கவே இல்ல." நறுக்கியதைத் தட்டில் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தாள். "மூக்கு மட்டும் உங்க மூக்கு."

சொல்லருவி தணிகாசலம் கத்தியைக் கீழே வைத்தார்.  அவள் இன்னும் ஏதாவது சொல்வாளா என்று, இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.